அலுமினியத்தில் கலந்த இரும்பு

அலுமினியம் உருக்கும் பட்டறையில் இரும்புக் கரண்டியை அப்படியே உலைக்குள் விடமாட்டார்கள். கிராஃபைட் போன்ற ஏதாவது ஒரு பூச்சைத் தடவி, நன்றாகக் காயவைத்த பிறகே உருகிய உலோகத்தில் இறக்குவார்கள். பூச்சு உதிர்ந்த கரண்டி நாளாக நாளாக மெலியும். மெலிந்த பகுதி எங்கே போயிற்று என்று தேட வேண்டியதில்லை, அலுமினியத்துக்குள்தான் இருக்கிறது. உள்ளே போன இரும்பைத் திரும்ப வெளியே எடுக்கச் சிக்கனமான வழி எதுவும் தொழிற்சாலைகளுக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. கார்களையும் ரயில்களையும் இலேசாக்கிச் சூழலைக் காப்பாற்றலாம் என்று உலகம் முழுவதும் நடக்கும் ஆராய்ச்சி கடைசியில் வந்து முட்டிக்கொண்டு நிற்பது இந்தச் சின்ன சங்கதியில்தான் என்பது என் கட்சி. அதை விளக்கக் கொஞ்சம் சுற்றிவர வேண்டும்.

வண்டியை ஏன் இலேசாக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எடை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் 6 முதல் 8 சதவீதம் வரை மிச்சமாகும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் அதே அளவுக்குக் குறைவு என்பதால் தகட்டைத் தடிமனாக்க வேண்டியிருக்கும். அப்படியும் 100 கிலோ எஃகு செய்த வேலையை 55, 60 கிலோ அலுமினியம் செய்துவிடும். ஃபோர்ட் நிறுவனம் 2015 மாடல் எஃப்-150 பிக்கப் வண்டியின் உடலை முழுக்க அலுமினியத்துக்கு மாற்றியபோது எடை 318 கிலோ வரை குறைந்தது. அமெரிக்காவில் அதிகம் விற்கும் வண்டிகளில் ஒன்று அது. அலுமினியம் பணக்காரர்களின் விளையாட்டுக் கார்களுக்கு மட்டுமானது என்ற பேச்சு அதோடு அடங்கியது.

இதுவரை சரி. இனி கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு பெட்ரோல் காரில் 100 கிலோ எஃகை எடுத்துவிட்டு 60 கிலோ அலுமினியம் வைக்கிறோம். மிச்சம் 40 கிலோ. எடையில் 100 கிலோ குறைந்தால் 100 கிலோமீட்டருக்கு 0.35 லிட்டர் மிச்சம் என்று வைத்துக்கொண்டால், 40 கிலோவுக்கு 0.14 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வெளியாவது 2.3 கிலோ கரியமில வாயு. ஆக 100 கிலோமீட்டருக்கு நாம் தவிர்ப்பது 0.32 கிலோ. மறுபக்கம், அந்த 100 கிலோ எஃகைச் செய்ய வெளியாவது ஏறத்தாழ 220 கிலோ. அலுமினியத்துக்கு எவ்வளவு என்பது அது எந்த மின்சாரத்தில் பிறந்தது என்பதைப் பொறுத்தது. நீர்மின்சாரத்தில் எடுத்தால் கிலோவுக்கு 4 கிலோ. 60 கிலோவுக்கு 240. நிலக்கரி மின்சாரத்தில் எடுத்தால் கிலோவுக்கு 20 வரை போகும், மொத்தம் 1,200. கூடுதலாக வெளிவிட்ட 980 கிலோவை ஈடுகட்ட அந்தக் கார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். நம் ஊரில் ஒரு சொந்தக் கார் தன் ஆயுசுக்கும் அவ்வளவு ஓடுவது அபூர்வம். நீர்மின் அலுமினியமானால் 6,000 கிலோமீட்டரைத் தாண்டியதுமே கடன் அடைந்துவிடும். பழைய அலுமினியத்தை உருக்கி எடுத்ததானால் கடனே கிடையாது. ஷோரூமை விட்டு வெளியே வரும்போதே லாபம்.

இது தோராயமான கணக்குதான். பட்டறையில் வீணாவது, காரின் ஆயுள் முடிந்தபின் உலோகம் திரும்பக் கிடைப்பது எதையும் இதில் சேர்க்கவில்லை. எண்கள் முன்னே பின்னே போகலாம், வரிசை மாறாது. மின்சாரக் காரில் பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் ஆற்றல் பேட்டரிக்கே திரும்புவதால் எடைக் குறைப்பின் பலன் இன்னும் சுருங்கத்தான் செய்யும். இலேசான உலோகம் என்பதாலேயே அது பசுமையான உலோகம் ஆகிவிடாது.

இந்த வித்தியாசத்துக்கெல்லாம் மூலம் 1886ஆம் ஆண்டில் இருக்கிறது. அமெரிக்காவில் சார்ல்ஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் ஒருவரை ஒருவர் அறியாமல் அதே ஆண்டில் கண்டுபிடித்த முறையில்தான் இன்றும் உலகின் அலுமினியம் முழுவதும் எடுக்கப்படுகிறது. சுமார் 4 டன் பாக்சைட்டிலிருந்து 2 டன் அலுமினா. அதை உருகிய கிரயோலைட்டில் கரைத்து 950 டிகிரிக்கு மேல் மின்சாரம் பாய்ச்சினால் 1 டன் அலுமினியம். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் வேண்டும். தமிழக அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டைக் கொண்டு 7 கிலோ எடுக்கலாம், அவ்வளவுதான். மின்சாரம் எங்கிருந்து வந்தாலும், மின்முனையாக நிற்கும் கரிக்கட்டை அலுமினாவிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து தீர்வதால் ஒரு டன்னுக்கு ஒன்றரை டன் கரியமில வாயு எப்படியும் வெளியேறும். கரிக்குப் பதிலாக எரியாத மின்முனையை வைத்து, ஆக்சிஜனை மட்டும் வெளிவிடச் செய்யும் எலிசிஸ் என்ற திட்டத்தை அல்கோவா, ரியோ டிண்டோ நிறுவனங்கள் 2018இல் கனடாவில் அறிவித்தன. வெற்றி பெற்றால் 1886க்குப் பிறகு இத்துறையில் நடந்த பெரிய மாற்றமாக அது இருக்கும். ஆனால் அதுவும் மின்சாரப் பசியைத் தணிக்காது.

இந்தியாவின் பெரிய அலுமினிய ஆலைகள் ஒடிசாவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் நிலக்கரி வயல்களையொட்டி, சொந்த அனல்மின் நிலையங்களோடு நிற்கின்றன. மேலே போட்ட கணக்கில் நாம் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பழைய பங்கு உண்டு. 1960களில் மேட்டூரில் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, உள்ளூர்க்காரர்கள் வாயில் மால்கோ, சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டை உருக்கி வந்தது. உலகச் சந்தையில் விலை சரிந்த 2008இன் இறுதியில் அதன் உருக்காலை நின்றது. அலுமினா எடுத்தபின் மிஞ்சிய சிவப்புச் சேற்றின் மேடு மட்டும் ஊரில் தங்கிவிட்டது. அந்தச் சேறு லேசுப்பட்டதல்ல. ஹங்கேரியின் ஆய்க்கா நகரில் 2010 அக்டோபரில் சேற்றுத் தேக்கத்தின் கரை உடைந்து பத்துப் பேர் இறந்தார்கள்.

ஆகவே புதிய அலுமினியத்தைக் குறைத்து, ஏற்கெனவே பூமிக்கு மேலே வந்துவிட்டதைத் திரும்பத் திரும்ப உருக்குவதே வழி. உருக்கி எடுக்க ஆகும் ஆற்றல், புதிதாக எடுப்பதில் 5 சதவீதம் மட்டுமே. இவ்வளவு மலிவான தீர்வு கையில் இருக்கும்போது உலகம் ஏன் தயங்குகிறது? இங்கேதான் இரும்பு வருகிறது.

எஃகை உருக்கும்போது ஆக்சிஜனை ஊதினால் சிலிக்கான், மாங்கனீசு போன்ற வேண்டாதவை எரிந்து கசடாக மேலே வந்துவிடும். அலுமினியத்தில் அந்த வித்தை பலிக்காது. ஆக்சிஜன் மீது அலுமினியத்துக்கு உள்ள மோகம் இரும்பைவிடப் பல மடங்கு அதிகம். ஊதினால் இரும்பு அப்படியே கிடக்கும், அலுமினியம்தான் எரிந்து போகும். சிலிக்கான், செம்பு, துத்தநாகம், மாங்கனீசு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே கதை. மக்னீசியம் ஒன்றைத்தான் ஓரளவு எளிதாக அகற்ற முடியும். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் ஒரு திருகாணி, ஒரு கம்பி, ஒரு தகரத் துண்டு என்று இரும்பு சேர்ந்துகொண்டே போகும், குறையாது. தொழிற்சாலைகள் செய்வது ஒன்றுதான்: புதிய, தூய அலுமினியத்தைக் கலந்து இரும்பின் விகிதத்தைக் கீழே கொண்டுவருவது. அதாவது, எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதையே கொண்டுவந்து சேர்ப்பது.

ஒரு சதவீத இரும்பு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். உருகிய அலுமினியத்தில் இரும்பு நன்றாகக் கரையும். உறைந்த அலுமினியத்தில் அதற்கு இடமே இல்லை, 0.05 சதவீதம்கூடத் தங்காது. ஆகவே உலோகம் உறையும்போது இரும்பு ஒதுக்கப்பட்டு, அலுமினியத்தோடும் சிலிக்கானோடும் சேர்ந்து தனிப் படிகமாகிறது. மெருகேற்றிய வார்ப்புத் துண்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் வெளிறிய தளத்தில் சாம்பல் நிறத்தில் நீள நீளமான ஊசிகள் தெரியும். பீட்டா என்று பெயரிட்ட இரும்புப் படிகம் அது. உண்மையில் அவை ஊசிகள் அல்ல, மெல்லிய தகடுகள். குறுக்கே வெட்டிப் பார்ப்பதால் ஊசியாகத் தெரிகின்றன. கண்ணாடிபோல் நொறுங்கும் குணம் அவற்றுக்கு. வார்ப்பில் விரிசல் தொடங்குவது அங்கேதான். மோதலின்போது கசங்கிக்கொடுத்து உள்ளே இருப்பவரைக் காக்க வேண்டிய பாகம், இந்த ஊசிகள் நிறைந்திருந்தால் கசங்காமல் முறியும். மாங்கனீசைச் சேர்த்தால் ஊசி வடிவம் மாறி, கிளைபிரிந்த சித்திர எழுத்துபோன்ற படிகமாகும். அது அவ்வளவு கேடு செய்யாது. ஆனால் மாங்கனீசையும் பிறகு வெளியே எடுக்க முடியாது. இன்றைய மருந்து, அடுத்த முறை உருக்குகிறவருக்கு நோய்.

இவ்வளவு காலம் இந்தச் சிக்கல் வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம் பெட்ரோல் எஞ்சின். எஞ்சின் பிளாக், கியர்பாக்ஸ் உறை போன்றவற்றை வார்க்கும் ஏடிசி12 வகை உலோகக்கலவையில் சிலிக்கான் 12 சதவீதம் வரையும், செம்பு 3.5 வரையும், இரும்பு 1.3 வரையும் இருக்கலாம். எதைப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும் தாராளமான கலவை. உலகத்தின் கலப்படமான பழைய அலுமினியம் எல்லாம் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் இதுதான். சைக்கிள் சட்டம், ஜன்னல் சட்டம், பழைய கார் உடல் என்று எல்லாவற்றையும் கரைத்து எஞ்சினாக்கினார்கள். மறுசுழற்சி என்று நாம் பெருமையாகச் சொல்லிவந்தது பெரும்பாலும் இந்தக் கீழ்நோக்கிய பயணம்தான்.

மின்சாரக் காரில் எஞ்சின் இல்லை. அதற்கு வேண்டியது பேட்டரியைத் தாங்கும் சட்டம், மோதல் தாங்கிகள், கதவுத் தகடுகள். எல்லாம் 5000, 6000 வரிசையைச் சேர்ந்த சுத்தமான கலவைகள். கலப்பட அலுமினியத்தை விழுங்கிய வாய் மூடிக்கொண்டே வருகிறது. வெளியே வரும் பழைய உலோகமோ ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது. நார்வே அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ரோயா மொடரேசியும் டேனியல் முல்லரும் இப்படி ஒரு தேக்கம் வரும் என்று 2012லேயே கணக்கிட்டுச் சொன்னார்கள். யாருக்கும் வேண்டாத பழைய அலுமினியம் குவிந்துகிடக்க, பக்கத்திலேயே நிலக்கரி எரித்துப் புதிய அலுமினியம் எடுக்கும் கூத்து நடக்கும் என்பதே அந்தக் கணக்கின் பொருள்.

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் என்ன செய்கிறார்கள்? இரண்டு பக்கமிருந்து முயல்கிறார்கள்: ஒன்று, உலோகத்தை அழுக்காக விடாமல் காப்பது, மற்றது, அழுக்கைத் தாங்கும் உலோகத்தை உருவாக்குவது.

முதலாவதற்கு நல்ல எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் ரியல்கார் திட்டம். டாடா மோட்டார்ஸ் ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கிய அதே 2008இல் தொடங்கியது. கார்த் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் எவ்வளவு வீணாகிறது என்பதை வெளியாட்கள் நம்பமாட்டார்கள். ஒரு கதவை வெட்டும்போது ஜன்னலுக்கான ஓட்டையே பெரிய துண்டாக விழும். உருகிய அலுமினியத்தில் சுமார் 40 சதவீதம் எந்தப் பொருளிலும் சேராமல் இப்படியே உலைக்குத் திரும்புகிறது என்று கேம்பிரிட்ஜில் ஜூலியன் ஆல்வுட்டின் குழு கணக்கிட்டது. ஜாகுவார் தன் பிரஸ் ஷாப்களில் விழும் துண்டுகளைக் கலவை வாரியாகப் பிரித்து, ஒன்றோடொன்று கலக்காமல் நொவெலிஸ் என்ற அலுமினிய நிறுவனத்தின் லாட்ச்ஃபோர்ட் ஆலைக்கு அனுப்பியது. அங்கே உருக்கி மறுபடியும் கார்த் தகடாக்கினார்கள். அதற்கென்றே உருவான ஆர்சி5754 என்ற கலவை, மறுசுழற்சி உலோகத்தை 75 சதவீதம் வரை ஏற்கும். 2014இல் அறிமுகமான ஜாகுவார் எக்ஸ்இ காரில் முதலில் வந்தது. நொவெலிஸ் நம் ஹிண்டால்கோவின் கைக்கு 2007இலேயே வந்துவிட்டது என்பதால், இந்த வெற்றியின் இரு முனைகளும் இந்திய முதலாளிகளிடம்தான் இருந்தன. ஃபோர்டும் டியர்பார்னில் இதே ஏற்பாட்டைச் செய்தது.

நல்ல வேலைதான். ஆனால் அது சுலபமான பாதி. நேற்று வெட்டிய துண்டு. என்ன கலவை என்று தெரியும். பெயின்ட் இல்லை, திருகு இல்லை, யாரும் கைவைக்கவில்லை. பதினைந்து ஆண்டு ஓடித் தேய்ந்த கார் அப்படி வராது. அதை ஷ்ரெட்டரில் போட்டு நொறுக்கினால் கையளவு துண்டுகளாக எல்லாம் கலந்து வெளியே வரும். காந்தம் இரும்பை எடுக்கும். ஆனால் அலுமினியத் துண்டில் பொதிந்து கிடக்கும் எஃகு ரிவெட்டை எடுக்காது. வேடிக்கை என்னவென்றால், அலுமினிய உடல்களை இணைக்கத் தொழில்துறை தேர்ந்தெடுத்ததே எஃகு ரிவெட்டைத்தான். 2003இல் வந்த ஜாகுவார் எக்ஸ்ஜே காரின் உடலில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ரிவெட்டுகள். துளையே போடாமல் இரு தகடுகளையும் குத்தி ஒன்றாக்கும் அருமையான உத்தி அது. வேகம் கிடைத்தது, வலிமை கிடைத்தது. கூடவே ஒவ்வொரு காரும் தன் அழுக்கைத் தானே சுமந்துகொண்டு பிறந்தது. கார் எப்படிப் பிரியும் என்று யோசிக்காமல், எப்படிச் சேரும் என்று மட்டும் யோசித்ததன் விளைவு இது.

இரண்டாவது பக்கத்துக்கு லண்டனின் மேற்கு ஓரத்தில் புரூனல் பல்கலைக்கழகம். சோங்யுன் ஃபான் தலைமையில் அங்கே உருவான வார்ப்பு ஆய்வு மையம் பிடித்துக்கொண்ட பிரச்சினை ஆக்சைடு ஏடு. உருகிய அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்சைடு ஏடு படிந்திருக்கும். ஊற்றும்போது அது மடிந்து உள்ளே போய், உறைந்தபின் விரிசலாக நிற்கும். பழைய உலோகத்தில், அதிலும் பெயின்ட்டும் எண்ணெயும் ஒட்டிய மெல்லிய துண்டுகளில், இந்த ஏடு ஏராளம். வழக்கமாக அதை வடிகட்டி அகற்றப் பார்ப்பார்கள். ஃபானின் குழு வேறுவிதமாக யோசித்தது. குழாய்போன்ற ஒரு கூட்டுக்குள், மிகக் குறுகிய இடைவெளிவிட்டு, நிமிடத்துக்குச் சில ஆயிரம் முறை சுழலும் தட்டை உலோகத்துக்குள் இறக்கினார்கள். கூட்டின் சிறு துளைகள் வழியே பிதுங்கி வெளியேறும்போது ஏடு கிழிந்து கண்ணுக்குத் தெரியாத துகள்களாகிறது. அந்தத் துகள்கள் ஒவ்வொன்றும் ஒரு படிகம் தொடங்கும் புள்ளியாக மாறுகிறது. படிகங்கள் ஏராளமாகத் தொடங்கினால் ஒன்றும் பெரிதாக வளராது, மணிகள் சின்னஞ்சிறியவையாகும், இரும்புப் படிகங்களும் நீண்டு வளர இடமின்றிச் சிதறும். மணியைச் சிறிதாக்க வழக்கமாகச் சேர்க்கும் டைட்டானியம், போரான் கலவையின் தேவையும் குறைகிறது. குப்பையை மருந்தாக்கும் இந்தச் சிந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. ஜெர்மனியில் டூசல்டார்ஃபின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தில் டிர்க் ராபேயும் சகாக்களும் இதையே இன்னும் பரந்த கோட்பாடாக 2022இல் முன்வைத்தார்கள்: அழுக்கான கலவைகளை ஒதுக்காமல், எவ்வளவு அழுக்கு எந்தப் பாகத்துக்குத் தாங்கும் என்று ஆராய வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

இந்தப் பின்னணியில் பார்த்தால் டெஸ்லா 2020இல் தொடங்கிவைத்த ராட்சத வார்ப்பு இருமுனைக் கத்தி. இத்தாலியின் இட்ரா நிறுவனம் செய்த, 6,000 டன் விசையில் அச்சை இறுக்கிப் பிடிக்கும் எந்திரத்தில், மாடல் ஒய் காரின் பின்பக்க அடிச்சட்டம் முழுவதும் ஒரே வார்ப்பாக வெளிவருகிறது. முன்பு 70 துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. ரிவெட்டு இல்லை, கலவையும் ஒன்றே ஒன்று. பிரித்தெடுக்கும்போது இது பெரிய வரம். ஆனால் இவ்வளவு பெரிய, மெல்லிய, மோதலைத் தாங்க வேண்டிய வார்ப்புக்குச் சுத்தமான உலோகம் வேண்டும். வழக்கமான டைகாஸ்டிங்கில் இரும்பை வேண்டுமென்றே ஒரு சதவீதம்வரை வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் உருகிய அலுமினியம் எஃகு அச்சையே கரைத்து அதோடு ஒட்டிக்கொள்ளும். இங்கே இரும்பைக் குறைத்துவிட்டு அந்த வேலையை மாங்கனீசுக்கும் ஸ்ட்ரான்சியத்துக்கும் கொடுக்கிறார்கள். சுத்தம் வேண்டும் என்றதும் வாங்குகிறவர் கண் புதிய அலுமினியத்தின் மீது போகிறது. இந்த வார்ப்பைப் பழைய உலோகத்தில் செய்துகாட்டும் பந்தயத்தில்தான் இன்று பெரிய வார்ப்பு நிறுவனங்கள் இறங்கியிருக்கின்றன.

மக்னீசியத்தைப் பற்றி ஒரு பத்தி போதும். அலுமினியத்தைவிடவும் மூன்றில் ஒரு பங்கு இலேசு. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் 20 கிலோ அளவுக்கு இருந்தது. ஆனால் உலகின் மக்னீசியத்தில் பெரும்பங்கு சீனாவில், டோலமைட்டையும் ஃபெரோசிலிக்கானையும் 1,200 டிகிரியில் நிலக்கரி வெப்பத்தில் வாட்டி எடுப்பது. 2021 இலையுதிர் காலத்தில் ஷான்சி மாகாணத்து ஆலைகளுக்கு மின்சாரக் கட்டுப்பாடு வந்ததும் ஐரோப்பியக் கார் தொழிலே ஆடிப்போயிற்று. உருகிய மக்னீசியம் தீப்பிடிக்காமல் இருக்க மேலே போர்த்தி வந்த சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு வாயு, கரியமில வாயுவைப்போல் 20,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைப்பது. இந்த இரண்டும் மாறும்வரை மக்னீசியத்தைப் பசுமை உலோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கார்களைவிட ரயிலில் நிலைமை நம்பிக்கையாக இருக்கிறது. கேம்பிரிட்ஜ் அருகே உள்ள டிடபிள்யூஐ என்ற பற்றவைப்பு ஆய்வு நிறுவனம் 1991இல் ஒரு முறையைக் கண்டுபிடித்தது: சுழலும் முளை ஒன்றை இரு தகடுகளின் இணைப்பில் அழுத்தி நகர்த்தினால், உராய்வுச் சூட்டில் உலோகம் உருகாமலே குழைந்து ஒன்றாகிவிடும். நிரப்புக் கம்பி வேண்டாம், ரிவெட்டும் வேண்டாம். வேற்று உலோகம் ஒரு துளியும் உள்ளே வராது. ஜப்பானில் நீண்ட அலுமினியச் சட்டங்களை இப்படி இணைத்தே ரயில் பெட்டிகள் செய்கிறார்கள். ஓய்வுபெற்ற ஷின்கான்சென் பெட்டிகளின் அலுமினியத்தை உருக்கி, 2020இல் ஓடத் தொடங்கிய என்700எஸ் ரயிலின் உட்புறச் சாமான் தட்டுகளுக்குப் பயன்படுத்தினார்கள். தட்டு சின்ன விஷயம்தான். ஆனால் பெட்டி ஒரே கலவையில் செய்தது, சொந்தக்காரர் ஒருவர், எப்போது ஓய்வுபெறும் என்பதும் முன்கூட்டியே தெரியும். கார்களில் இந்த மூன்றும் கிடையாது.

இந்திய ரயில்வேக்கு இந்த மூன்றும் உண்டு. 2022 அக்டோபரில் புவனேஸ்வரில் 61 அலுமினியச் சரக்குப் பெட்டிகள் கொண்ட முதல் தொடர் ஓடத் தொடங்கியது. பெஸ்கோ என்ற நிறுவனம் கட்டியது, உலோகம் ஹிண்டால்கோவுடையது. எஃகுத் தொடரைவிட 180 டன் குறைவு. குறைந்த எடைக்கு நிலக்கரியைக் கூடுதலாக ஏற்றலாம். எடை குறைந்த இடத்தில் சரக்கை ஏற்றுவதால், காரில் 3 லட்சம் கிலோமீட்டர் ஆகும் கணக்கு இங்கே வெகு சீக்கிரம் நேராகும். சென்னை ஐசிஎஃப்பில் உருவான வந்தே பாரத் பெட்டிகள் துருப்பிடிக்காத எஃகில் செய்தவை. அலுமினியத்தில் நூறு ரயில்கள் செய்யும் டெண்டர் விலை ஒத்துவராமல் 2024இல் ரத்தானது. பயணிகள் ரயிலில் அவசரப்பட வேண்டியதில்லை என்பேன். சரக்குப் பெட்டிதான் அலுமினியம் முதலில் ஈடுகட்டும் இடம்.

மீதி இருப்பது நம் காயலான் கடைகள். இந்தியா அலுமினியக் கழிவைப் பெருமளவு இறக்குமதி செய்கிறது. துறைமுகத்தில் வந்திறங்கும் கண்டெய்னர்கள் டென்ஸ், சோர்பா, ட்விட்ச், ட்ரோமா என்று உலகம் ஒப்புக்கொண்ட குறிப்பெயர்களோடு வரும். டென்ஸ் என்றால் கலந்த வார்ப்புகள். சோர்பா என்றால் ஷ்ரெட்டர் நொறுக்கிய, அலுமினியம் மிகுந்த கலவை. ட்விட்ச், அதை மிதக்கவிட்டுப் பிரித்த அலுமினியம். ட்ரோமா என்றால் வண்டிச் சக்கரம் மட்டும். விலை ஏறும் வரிசையும் ஏறக்குறைய சுத்தத்தின் வரிசைதான். வெளிநாட்டில் எந்திரம் நொறுக்கியதை, லேசர் கதிரும் எக்ஸ்ரேயும் பாய்ச்சித் துண்டு துண்டாகக் கலவை கண்டுபிடித்துப் பிரிக்க அங்கே கோடிகளைக் கொட்டுகிறார்கள்.

சென்னை புதுப்பேட்டையில் வண்டியை நொறுக்குவதில்லை, கழற்றுகிறார்கள். அலாய் வீல் தனி, சிலிண்டர் ஹெட் தனி, ரேடியேட்டர் தனி, கியர்பாக்ஸ் தனி. கையில் ஸ்பானரோடு நிற்கும் ஆளுக்குக் கலவையின் எண் தெரியாது. ஆனால் எது எங்கிருந்து கழன்றது என்று தெரியும், அதுவே பாதி வேதியியல். அலாய் வீல் வார்க்கும் கலவையில் இரும்பு 0.2 சதவீதத்துக்குள் இருக்கும். அது சக்கரமாகவே கடைக்கு வருகிறது. லேசர் எந்திரம் தேடும் தகவல் கழற்றும் கையில் இலவசமாகக் கிடைக்கிறது. அடுத்த படியில் அந்தத் தகவல் தொலைந்துவிடுகிறது: வாங்குகிறவர் பழைய உலோகத்தை உருக்கும் ஆலைக்கு விற்கிறார், நல்ல சக்கரம் ஏடிசி12 உலையில் இரும்பைத் தணிக்கும் சுத்த உலோகமாகக் கரைகிறது. சக்கரம் மீண்டும் சக்கரமாவதற்கு ஆய்வகம் எதுவும் தேவையில்லை. தனித்தொட்டியும், எண்ணெயும் பெயின்ட்டும் அகற்றும் ஏற்பாடும், கையடக்க நிறமாலைக் கருவி ஒன்றும், நல்ல சரக்குக்கு நல்ல விலையும் இருந்தால் போதும். அந்த வேலையைப் பாதுகாப்பான கூரையின் கீழ், கையுறையோடும் முறையான கூலியோடும் செய்ய வைப்பதும் இதில் சேரும். அதைச் சொல்லாமல் புதுப்பேட்டையைப் புகழ்ந்துவிட்டுப் போவது நியாயமல்ல.

சட்டம் என்ன கேட்கிறதோ அதைத்தான் சந்தை செய்யும். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான மத்திய விதிகள், வாகன உற்பத்தியாளர்கள் மீட்டுத்தர வேண்டிய இலக்கை எஃகின் எடையில் நிர்ணயித்திருக்கின்றன. எஃகின் டன் கணக்கைக் காட்டினால் சான்றிதழ் கிடைக்கும் என்றால், பிரிக்கும் மையம் வண்டியை விரைவாக நொறுக்கி எஃகை எடுக்கவே பார்க்கும். அலுமினியம் என்ன வகை, எதோடு கலந்தது என்று பார்க்க அதற்குக் காரணமில்லை. அடுத்த திருத்தத்தில் மூன்று வரிகள் சேர்த்தால் போதும்: சக்கரம், சிலிண்டர் ஹெட், கியர்பாக்ஸ் உறை, தகடு ஆகியவற்றை நொறுக்கும் முன் கழற்ற வேண்டும், கழற்றியதை வகைவாரியாக எடைபோட்டுக் காட்ட வேண்டும், அந்த எடைக்குத் தனிச் சான்றிதழ் தர வேண்டும். இன்று புதிதாகச் சாலைக்கு வரும் கார்கள் அந்த மையங்களுக்கு வந்துசேர இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இருக்கின்றன. சுற்றுச்சூழல் அமைச்சகம் அதற்குள் இதைச் செய்ய வேண்டும்.